ஐந்தேகால் மீட்டர்

பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளத் தனியாக ஒரு துணி இருக்கிறதென்று எனக்குச் சொன்னவள் என் மகள் அனிஷா. அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்காக மேட்டுப்பட்டியில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஃபோனில் எவளோ ஒரு வெள்ளைக்காரி துணியை முதுகைச் சுற்றித் தோளில் ஏற்றி, மார்பில் குறுக்கே விட்டு, இடுப்பில் முடிச்சுப் போடுவதைக் காட்டினாள்.

"இதுக்குப் போய் தனித் துணியா? எஞ் சேல ஒண்ணு தாரேன், கட்டிக்க" என்றேன்.

"சேல தோள அறுத்துரும்மா. நழுவும் வேற. இது கனமா, சாய்வா நெய்யிறது. பிள்ள முதுகுக்குத் தக்கன வளைஞ்சு குடுக்கும்."

சின்னாளப்பட்டியில் சடையாண்டி என்பவர் தம் தறியில் அப்படி நெய்கிறாராம். அவர் மகள் தேவதர்ஷினி அளவு பார்த்து வெட்டி, ஓரம் அடித்துத் தருகிறாளாம். அதையும் ஃபோனில்தான் கண்டுபிடித்திருந்தாள். சரி, அளவு கொடுக்கத் தன்னைத்தானே அளப்பாள் என்று பார்த்தால், இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தன் புருஷன் டோனியைச் சுற்றினாள்.

"பிள்ளைக்கு அளவே கெடையாதும்மா, தூக்குற ஆளுக்குத்தான். இவருக்குப் பத்துனா எனக்குத் தாராளமாப் பத்தும். எனக்குன்னு எடுத்தா இவருக்கு முடிச்சே போட முடியாது. பாரு, பீரோ மாதிரி நிக்கிறத!"

"பீரோவுக்கு யாராச்சும் துணி கட்டுவாங்களா?" என்றார் டோனி.

"பீரோவையே கட்டிக்கிட்டேன், துணி கட்ட மாட்டனா?"

அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். ஐந்தேகால் மீட்டர் என்று தேவதர்ஷினிக்கு எழுதி அனுப்பினாள்.

பெண் பிள்ளை பிறந்தது. அன்று சாயங்காலமே அனிஷாவுக்கு இரத்தப் போக்கு. டாக்டர், நர்ஸ் எல்லாரும் ஓடினார்கள். பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். விடிவதற்குள் போய்விட்டாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

பிள்ளை என்னிடம் இருந்தது. டோனி வேடசந்தூரில் மில்லில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். மூன்றாவது வாரம் வாயைத் திறந்தார்.

"அவளுக்கு முப்பதாம் நாள் பூச முடிஞ்சதும் பாப்பாவக் கூட்டிட்டுப் போயிர்றேன் அத்தை."

"நீங்க தனி ஆளு மாப்ள. பால் கலக்கணும், துணி அலசணும். கீழ போட்டா அழுகுது. தோள்ல கெடந்தாத்தான் கண்ண மூடுது."

"ஷிப்ட்டு நேரம் அக்கா பாத்துக்கும், பக்கத்து வீடுதான். மத்த நேரத்துக்கு அனிஷா சொன்ன துணி இருக்குல்ல. கட்டிக்கிட்டே வீடு கூட்டுவேன், துணி காயப்போடுவேன். நெய்தாச்சுன்னு அவ ஃபோனுக்குச் செய்தி வந்துருக்கு. எனக்கு லீவு இல்ல, நீங்க போய் வாங்கிட்டு வந்துருங்களேன் அத்தை."

சரி என்றேன். மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. அந்தத் துணி உதவாமல் போனால், தனி ஆண்பிள்ளை இரண்டு நாள் தாங்க மாட்டார், பிள்ளையை என்னிடமே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மகளும் போய், அவள் பெற்றதும் போனால், நான் அந்த வீட்டில் யாருக்காக விளக்கு ஏற்றுவது? சொல்லுங்கள்.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். சின்னாளப்பட்டியில் சடையாண்டியின் தறிக்கு முன்னால் துணி சுருளாக இருந்தது. கருநீலம், ஓரத்தில் மஞ்சள் கோடு. அனிஷாவின் துணி என்று சொன்னதும் தேவதர்ஷினிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அனிஷாக்கா அம்மாவா? அக்கா எப்பிடி இருக்காங்க? என்ன பிள்ள?"

"பொம்பளப் பிள்ள" என்றேன். அக்கா எப்படி என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அவளும் கவனிக்கவில்லை.

"அஞ்சேகால் மீட்டர்னு எழுதிருக்காங்க. வெட்டிரவா?"

"நாலு போதும்மா."

"நாலா? யாரு தூக்கப் போறது?"

"நாந்தான்."

அவள் டேப்பை எடுத்து என்னைச் சுற்றி அளந்தாள். "ஒல்லியா இருக்கீங்க, உங்களுக்கு நாலு போதும்தான். ஆனா நீளமா இருந்தா உங்களுக்கும் ஆகும், அந்த அண்ணனுக்கும் ஆகும். நுனி ரெண்டும் தொங்கும், அம்புட்டுத்தான். வேணும்னா இன்னொரு சுத்துச் சுத்திக்கலாம்."

"தொங்குனா தடுக்கும். நாலே வெட்டு."

தறியில் இருந்த சடையாண்டி கால் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "ஏம்மா, கத்தரி போட்டா போட்டதுதான். பெறகு வந்து ஒட்டுப் போட்டுக் குடுன்னு கேக்கக் கூடாது. பிள்ளையத் தூக்குற துணிக்கு நாங்க ஒட்டுப் போட மாட்டோம். தையல் விட்டுச்சுன்னா பாவம் யாருக்கு?"

"கேக்க மாட்டேன். வெட்டும்மா."

துணி கனம். கத்தரி ஒரே இழுப்பில் போகவில்லை. நின்று நின்று போனது. அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் தெருவில் போகிற ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மிச்சம் ஒண்ணேகால் இருக்கும்மா."

"நீயே வச்சுக்க."

பூசை முடிந்த மறுநாள் காலையில் டோனி வந்தார். பிள்ளையின் பால் பவுடர், போர்வை எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கி வைத்திருந்தேன், நல்லவள் மாதிரி. அவர் துணியை விரித்து, முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அனிஷா காட்டிய மாதிரியே சுற்றத் தொடங்கினார். முதுகில் போட்டார், தோளில் ஏற்றினார், மார்பில் குறுக்கே விட்டார். இரண்டு நுனியும் விலாவோடு நின்றுவிட்டன. முடிச்சுப் போட ஒரு சாண் துணிகூட மிஞ்சவில்லை.

அவிழ்த்து மறுபடி சுற்றினார். "அத்தை, செத்த நேரம் மூச்ச அடக்குறேன். பின்னால இருந்து இழுங்க."

நானும் இழுத்தேன். வராது என்று தெரிந்தே இழுத்தேன்.

"குண்டாயிட்டேனா?" என்று தன் வயிற்றைப் பார்த்தார். ஒரு மாதத்தில் அந்த மனிதர் பாதியாக இளைத்திருந்தார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். அவருக்கே அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவதான் தப்பா அளந்துட்டா போல. எதுலயும் தப்பு விடாதவ. ஒடம்புக்கு முடியாமத்தான அளந்தா, பாவம்."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளைக்காக எந்தப் பொய்யும் சொல்லியிருப்பேன். செத்துப்போன என் மகள் தலையில் அதைக் கட்டிவிட்டு நான் நிற்க முடியுமா?

"அவ சரியாத்தான் அளந்தா மாப்ள. அஞ்சேகால்னுதான் எழுதிருந்தா. நாந்தான் நாலா வெட்டச் சொன்னேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"துணி பத்தலைன்னா நீங்க பிள்ளைய விட்டுட்டுப் போயிருவீங்கன்னு."

வெளியே மீன்காரன் கூவிக்கொண்டு போனான். டோனி துணியின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"கொஞ்ச நாளு இங்கேயே இருக்கட்டும் மாப்ளன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே அத்தை."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

யோசித்தார். "தெரியல" என்றார்.

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அழுதிருப்பேன். அவர் எழுந்து துணியை என் கையில் கொடுத்தார். "உங்களுக்குத்தான பத்தும். கட்டிக்கங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீங்களே தூக்கிட்டு வாங்க."

கட்டிக்கொண்டேன். என் உடம்புக்கு அச்சாக இருந்தது. பிள்ளை என் நெஞ்சில் கன்னத்தைச் சாய்த்ததும் தூங்கிவிட்டது. டோனி பையைத் தூக்கிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் நடந்தார். நான் எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தேன். அவரும் அவசரப்படுத்தவில்லை.

வேடசந்தூர் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. முடிச்சை அவர்தான் அவிழ்த்தார். குளிர்ந்த காற்றுப் பட்டதும் பிள்ளை விழித்து வீல் என்றது. பையைத் தோளில் மாட்டி, இரண்டு கையிலும் பிள்ளையை ஏந்திக்கொண்டு, கம்பியைப் பிடிக்க முடியாமல் பக்கவாட்டில் படியேறினார். கண்டக்டர் முதுகில் கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

"பாத்து மாப்ள, கழுத்தப் பிடிச்சுக்கங்க!" என்று கத்தினேன்.

ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தார். பஸ் நகரும்போது என்னைப் பார்த்தார். கை அசைக்கவில்லை. அசைக்க அவருக்குக் கை இல்லை, இரண்டும் பிள்ளையிடம் இருந்தன.