அம்மாவின் பிளீச்சிங் பவுடர்

எனக்கு ஆஸ்துமா. பிறந்ததிலிருந்து என்னோடு குடித்தனம் நடத்துகிறது. அதோடு சண்டை போட்டு, சமாதானமாகி, காலேஜ் வரைக்கும் வந்துவிட்டேன். அம்மாவைத்தான் சமாளிக்க முடியவில்லை.

கொரோனாவுக்காக ஊரடங்கு என்று அறிவித்த அன்றே என்னை அறைக்குள் தள்ளி ஜன்னலைச் சாத்தினாள். "மத்தவங்களுக்கு வந்தா காய்ச்சல். உனக்கு வந்தா மூச்சே நின்னுடும்டி." காலையில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் தரையைத் துடைப்பாள். மதியம் கதவு, கட்டில் கால். சாயங்காலம் மறுபடியும் தரை. என் பேனாவைக்கூட விட்டுவைக்கவில்லை. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. சுவருக்குச் சுவர் நடப்பேன், செல்போனை எடுப்பேன், கட்டிலில் எறிவேன், திரும்பவும் எடுப்பேன்.

அண்ணன் சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்குகிறவன். அவனுக்கு லீவு கிடையாது. தினமும் வெளியே போய் வருகிறான் என்று அம்மா அவனை மொட்டைமாடிக்குத் துரத்திவிட்டாள். அங்கிருந்து போன் பண்ணுவான். "என்ன மகாராணி, அரண்மனை எப்படி இருக்கு?" "வாய மூடுடா" என்பேன். அவன் கூப்பிடாத நாளில் அழுகை வரும்.

ஒரு வாரத்தில் இருமல் ஆரம்பித்தது. அம்மா பதறிப்போனாள். "அவன்தான் கொண்டுவந்துட்டான், பாவி!" என்று மாடியைப் பார்த்துக் கத்திவிட்டு, பக்கெட்டில் இன்னொரு கை பவுடரை அள்ளிப் போட்டாள். நான் இரும, அவள் துடைக்க, நான் இன்னும் இரும.

"ஜன்னலயாவது தொறம்மா."

"வெளிக்காத்து பூரா கிருமி. பேசாம படு."

அன்று மதியம் இன்ஹேலரை அடித்தும் கேட்கவில்லை. மூச்சு உள்ளே போகவே மாட்டேன் என்றது. பேச்சு வராமல் ஜன்னலைக் கையால் காட்டினேன். அம்மா அழுதுகொண்டே போய் அதன் கொக்கியை இன்னும் இறுக்கினாள். அவ்வளவுதான், செத்தேன் என்று நினைத்தேன்.

அவள் போட்ட கூச்சலில், வேலை முடிந்து அப்போதுதான் மாடி ஏறியிருந்த அண்ணன் ஓடிவந்தான். அறை வாசலிலேயே அவனுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஐயோ, என்னம்மா இது? கடையில இதப் போட்டா ஷட்டரத் தூக்கிவிட்டுட்டு நாங்க வெளிய போய் நிப்போம். இதுக்குள்ள அவ எப்படிம்மா மூச்சு விடுவா?"

ஜன்னலைப் படாரென்று திறந்தான். பக்கெட்டைக் கொண்டுபோய் வெளியே வைத்தான். என்னை ஜன்னலோரம் நிமிர்த்தி உட்காரவைத்து, இன்ஹேலரை மறுபடி அழுத்தினான். உயிர் போய் உயிர் வந்தது. பிறகு டெஸ்ட் எடுத்ததில் கிருமி இல்லை என்று வந்தது. டாக்டர் போனில் பவுடரைத்தான் திட்டினார். அண்ணனுக்குச் சாப்பாட்டை அம்மாவே மாடிக்கு எடுத்துப்போனாள்.

மறுநாள் வெறும் தண்ணீரில் துடைத்தாள். அவள் விரலெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். துடைத்து முடித்ததும், திறந்த ஜன்னலை மறைத்து நாற்காலியைப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"தள்ளும்மா, காத்து வரல."

"வர்றது மொதல்ல என் மேல பட்டுட்டு வரட்டும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அழுகையும் வந்தது. எழுந்துபோய் அவளை நாற்காலியோடு ஒரு சாண் தள்ளினேன். நான் கட்டிலுக்குத் திரும்புவதற்குள் அரைச் சாண் நகர்ந்து வந்துவிட்டாள்.