ஹிலரியிடம் கேட்க வேண்டும்

என் நாவலின் ஏழாம் பாகம் வெளியான அன்று காலை எனக்கு நாற்பத்து மூன்று மின்னஞ்சல்கள் வந்திருந்தன. ஒரு வருடம் முழுக்கச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. புகழ் வந்துவிட்டது என்று ஒரு நிமிடம் நம்பினேன். அறுபத்து நான்கு வயதில் மனிதன் எதையும் நம்புவான்.

முதல் கடிதம் அபர்தீனிலிருந்து ஃபெர்கஸ் என்ற வாசகர் எழுதியது. "அல்வின், ஆறு பாகத்தையும் மூணு மூணு தடவ படிச்சிருக்கேன். அதுல ஹிலரின்னு ஒரு ஆளே கிடையாதே. யாருப்பா அது?"

பதறிப்போய்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். கதை பாதியில் நின்றிருந்தது. அதற்குக் கீழே, இரண்டு வருடங்களுக்கு முன்பு எனக்கு நானே எழுதிவைத்த குறிப்பு அப்படியே கிடந்தது: "இங்கே கப்பல் வீடு வந்து சேர வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது. ஹிலரியிடம் கேட்க வேண்டும்."

ஹிலரி என் மனைவி. சமையலறையில் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். பதிப்பாளர் இல்லாமல் சொந்தமாக மின்புத்தகம் போடுகிறவர்கள் ஒரு வருடம் முன்பே முன்பதிவைத் திறந்துவிடுவோம். அதற்கு ஏதாவது ஒரு கோப்பை ஏற்றியாக வேண்டும். எனவே அரைகுறைப் பிரதியை ஏற்றிவைப்போம். வெளியாவதற்கு நான்கு நாள் முன்பு அதை எடுத்துவிட்டு முழுப் பிரதியை வைக்க வேண்டும். நான் வைத்தேன். ஆனால் என் கணினியில் 'இறுதி', 'உண்மையான இறுதி', 'இறுதியிலும் இறுதி' என்று மூன்று கோப்புகள் இருந்தன. தவறானதை மறுபடியும் வைத்திருக்கிறேன். முப்பத்தெட்டு வருடம் வரைபடம் வரைந்தவன் நான். எந்தத் திருத்தம் புதியது, எது பழையது என்பதில் ஒரு நாள் கூட எனக்குத் தடுமாற்றம் வந்ததில்லை. சொந்தக் காரியத்தில்தான் புத்தி மேயப் போய்விடுகிறது.

எங்கள் ஊர் வட இங்கிலாந்தில் உள்ள பாரோ. இங்கே நீர்மூழ்கிக் கப்பல் கட்டுகிறார்கள். இருபத்தாறு வயதில், உள்ளே பார்த்ததை வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கப்பல் கட்டும் தளத்தில் சேர்ந்தேன். குழாய்கள் வரைவது என் வேலை. எது எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று எவரிடமும் சொல்லக் கூடாது. மாலையில் வீட்டில் யாராவது "இன்னைக்கு என்ன பண்ணுன?" என்று கேட்டால், ஊரில் எல்லா ஆண்களும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "டீ குடிச்சேன்." ஹிலரி கல்யாணமான முதல் வாரம் கேட்டாள். டீ குடித்தேன் என்றேன். அதோடு சரி.

சொல்லாத பேச்சு எங்கேயாவது போக வேண்டுமே. காலை ஐந்து மணிக்கு எழுந்து, வேலைக்குப் போகும் முன் எழுத ஆரம்பித்தேன். நீர்மூழ்கியைப் பற்றி எழுத முடியாது. அதனால் கடலை எடுத்துவிட்டு விண்வெளியை வைத்தேன். 'நீர்க்காகம்' என்ற கப்பல், அதில் முப்பத்தொரு பேர், தொலைந்துபோய் வீட்டுக்கு வழி தேடுகிறார்கள். பதினொரு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஒருவர் மட்டும் காரணம் சொன்னார்: கதையில் குழாய்கள் அதிகம். போங்கடா என்று நானே அச்சிட்டேன். முதல் அட்டையையும் நானே வரைந்தேன். கப்பல் கத்தரிக்காய் மாதிரி வந்தது.

அதன் பிறகு பதினெட்டு வருடம். எழுதுவது, திருத்துவது, விளம்பரம், லீட்ஸ் அறிவியல் புனைகதை மாநாட்டில் ஆறிய தேநீரோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது. முந்நூறு வாசகர்கள் சேர்ந்தார்கள். ஹிலரி அதில் இல்லை. ஒரு பக்கம் கூடப் படிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்குள் புகைந்துகொண்டே இருந்தது. அதனால்தான் குறிப்பு எழுதியும் கேட்கவில்லை. இந்த வசந்தத்தில் களைப்பு தாங்காமல் கப்பலை வெடிக்க வைத்து முப்பத்தொரு பேரையும் கொன்று முடித்துவிட்டேன். வாசகர்களுக்குப் போய்ச் சேராத அந்த முழுப் பிரதி அதுதான். இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லோருக்கும் அது போய்விடும்.

அழுத்தப் போனேன். ப்ரெமெனிலிருந்து கூட்ரூன் என்ற அம்மையாரின் கடிதம் கண்ணில் பட்டது. ஒரே வரி. "ஹிலரி என்ன சொன்னாங்க?"

சமையலறைக்குப் போய் அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட கேக்கணும்னு எழுதி வச்சியா?"

"ஆமா."

"ரெண்டு வருஷமா ஏன் கேக்கல?"

"நீதான் ஒரு பக்கங்கூடப் படிக்கலையே."

"அல்வின், நீ கதவச் சாத்திக்கிட்டு எழுதுற. வெளிய வந்ததும் என்ன ஆச்சுன்னு ஒம் மொகத்தப் பாத்தா, டீ போடுங்குற. தள வேலை மாதிரி இதுவும் கேக்கக் கூடாத விஷயம்னு நெனச்சேன். தளத்துல வேல பாத்த எங்க அப்பா கிட்டயும் அம்மா கேட்டதில்ல. இந்த ஊர்ல எந்தப் பொம்பள கேட்டிருக்கா?"

பதினெட்டு வருடம் அவளைக் குற்றவாளியாக வைத்து மனதுக்குள் வழக்கு நடத்தியிருக்கிறேன். அவளோ என் ரகசியத்துக்குக் காவல் இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"சரி, இப்பக் கேக்குறேன்," என்றேன். "கப்பல் எப்படி வீடு வந்து சேரணும்?"

"வீட்ல யாரு காத்துக்கிட்டிருக்கா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஆறு பாகம், இரண்டாயிரத்து நானூறு பக்கம். ஒவ்வொரு வால்வுக்கும் பெயர் வைத்திருக்கிறேன். கரையில் நிற்கும் ஒருவரைக் கூட எழுதவில்லை.

"யாரும் இல்ல," என்றேன்.

"அப்புறம் எதுக்குய்யா அவங்க வரணும்?"

ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப்போட்டாள். உருளைக்கிழங்குச் சட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"நீ சீவு. மொதல்ல இருந்து சொல்லு. கப்பல்ல எத்தன பேரு?"

'டீ குடிச்சேன்' என்ற பழைய பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"முப்பத்தொரு பேரு," என்றேன்.