மேல் வண்டி, கீழ் வண்டி

பதினைந்து வருடமாக எங்கள் ஊர்த் தண்டவாளத்தில் சுண்ணாம்புக்கல் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. எண்பத்திரண்டில் மறுபடி ஆட்களையும் ஏற்றப்போகிறார்கள் என்றார்கள். டிக்கெட் விற்கும் கமிஷன் ஏஜெண்ட் நான், மலையாண்டி. ஒரு மாதத்தில் கூட்டம் சேராவிட்டால் வண்டியை நிறுத்திவிடுவார்களாம். அதனால் கண்ணில் பட்டவர்களையெல்லாம் ரயிலுக்கு இழுத்தேன்.

ஒச்சாயியையும் அப்படித்தான் இழுத்தேன். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண்கள். சத்துணவுக்கூட வேலைக்கு மதுரையில் காலை பத்து மணிக்கு இன்டர்வியூ.

"வாடிப்பட்டி வரைக்கும் நடந்து பஸ் பிடிக்கப் போறியாக்கும்? ரயில்ல ஏறு தாயி, ஒம்பதுக்கெல்லாம் மதுரை" என்றேன்.

அட்டவணை இங்கிலீஷில் வந்திருந்தது. அப் வண்டி மதுரைக்கு, டவுன் வண்டி கல் குவாரிக்கு. இரண்டும் எங்கள் ஊரில்தான் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். நான் பெரிய புலவனாட்டம் 'மேல் வண்டி', 'கீழ் வண்டி' என்று இரண்டு பலகை எழுதி, பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் மாட்டினேன்.

முதல் நாள் ஜன்னலில் ஒரே தள்ளுமுள்ளு. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கவே கை போதவில்லை. இரண்டு வண்டியும் கிளம்பின பிறகு பார்த்தால், மதுரைக்குப் போன பெட்டியில் மண்வெட்டியோடு குவாரி ஆட்கள் தலையை நீட்டிக் கத்துகிறார்கள். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை.

மத்தியானம் குவாரி வண்டி திரும்பியது. ஒச்சாயி இறங்கினாள். "ஏன் தாயி, நீ குவாரி வண்டியிலயா போன?" என்று ஓடினேன்.

"மதுரை கெழக்கதானண்ணே இருக்கு? கீழமாசி வீதி கெழக்க, மேலமாசி வீதி மேக்க. கீழ் வண்டின்னா கெழக்கதான போகணும்?"

அந்த வண்டியோடு வந்த ரயில் கார்டு சேக் இஸ்மாயிலைக் கேட்டேன். "ரூல்படி பலகை சரிதான் மலையாண்டி. அப்புன்னா மேலதான?" என்றார். அவர் சொன்னதும் சரி, அவள் சொன்னதும் சரி. அப்புறம் எது தப்பு? தலையே சுற்றியது.

"எது சரியோ எனக்கு வேணாம்" என்றாள் ஒச்சாயி. "ரயில் மாறிப் போச்சு, எம்மேல தப்பில்லன்னு எழுதிக் குடுங்க. ஆபீசுல காட்டிக் கேட்டுப் பாக்குறேன்."

எழுதினால் என் ஏஜென்சி போகலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் விடியும் முன்பே பலகைகளை அழித்து, 'மதுரை', 'குவாரி' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன். ஒச்சாயி அந்தக் காகிதத்தோடு ஸ்டேஷனைத் தாண்டி நடந்தாள்.

"ஏ தாயி, இந்தா பாரு, மதுரைன்னே எழுதிட்டேன். இன்னைக்கு மாறாது, ஏறு!"

அவள் நின்றாள்.

"நீங்க சொன்னா ஏறுவேண்ணே. ஆனா இந்தக் காகிதத்த எழுதுனதும் நீங்கதான?"

சொல்லிவிட்டு வாடிப்பட்டி ரோட்டில் வேகமாக நடந்தாள்.