ஆறாம் போர்நிறுத்தத்துக் கந்தூரி

ஆறாவது போர்நிறுத்தம் வரப்போகிறது என்ற சேதியை முகாமுக்கு மூன்று ஆடுகள்தான் கொண்டுவந்தன. நகராட்சி லாரியிலிருந்து இறக்கி, கூடைப்பந்து வளையத்தின் இரும்புக் காலில் அவற்றைக் கட்டியதும், அந்த மைதானக் கூரையின் கீழ் இரண்டு வருஷமாகப் பாய் விரித்துக் கிடந்த அறுபத்து மூன்று குடும்பங்களும் எழுந்து உட்கார்ந்தன.

"கையெழுத்துப் போடப் போறாங்கடி" என்றாள் பக்கத்துப் பாய் நொராய்சா, ரக்மாவிடம்.

பழகிய விஷயம்தான். முதல் போர்நிறுத்தத்துக்கு வெள்ளைப் புறா பறக்கவிட்டார்கள். அதில் இரண்டு, சண்டை நடக்கும் சதுப்புப் பக்கமே போகாமல் மேயர் வீட்டுக் கூரையில் குடித்தனம் வைத்துவிட்டன. இரண்டாவதுக்கு அமைதி வாசகம் அச்சடித்த சட்டை. ஒரே துவையலில் வாசகம் தண்ணீரோடு போயிற்று, சட்டை நின்றது. மூன்றாவதுக்குத் தலைவர்கள் கைகுலுக்கும் படம் போட்ட தார்ப்பாய். நல்ல தடிமன். நொராய்சா அதைத்தான் மறைப்பாகக் கட்டியிருக்கிறாள். சாரல் அடித்தால் ஒரு தலைவரின் மூக்கு வழியாக மட்டும் ஒழுகும். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் வெறும் சொற்பொழிவு. சிக்கனம் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஐந்தாவதை ரக்மா மறப்பதற்கில்லை. அதை நம்பியவன் அவள் புருஷன் கம்லோன். "ரெண்டு தலைவருங்களும் டி.வி.யில பல்லு தெரியச் சிரிச்சாங்க புள்ள, இனிமே சுட மாட்டாங்க, நாத்து நட நேரமாச்சு" என்று சொல்லி, முதல் ஆளாகப் பகாலங் ஊருக்குத் திரும்பினான். அங்கே பள்ளிக்கூட மைதானத்தில் ராணுவத்தின் பீரங்கி. சதுப்பு நாணலுக்குள் போராளிகள். நடுவில் இவர்கள் வயல். பத்தொன்பதாம் நாள் காலையில் வயலில் குண்டு விழுந்தது. பதினொரு பேர். இரு தரப்பும் தனித்தனியே விசாரணைக் குழு அமைத்து, குண்டு தங்களுடையது இல்லை என்று தனித்தனியே கண்டுபிடித்தன. அடக்கம் செய்த கையோடு ஓட வேண்டியிருந்தது. ஏழாம் நாள், நாற்பதாம் நாள், நூறாம் நாள் எல்லாம் ஓட்டத்திலேயே போயின. பேர் சொல்லி துஆ ஓதி, ஊருக்குச் சோறு போட்டு, கம்லோனுக்கு ஒரு கந்தூரிகூட வைக்க முடியவில்லை.

அந்தப் பீரங்கி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. மழையில் நனையாமல் இருக்க அதற்கு மட்டும் புதுக் கூரை போட்டிருப்பதாகக் கேள்வி.

ஆடுகளுக்குப் பின்னால் உத்தோ வந்தான். மேயரின் ஒருங்கிணைப்பாளன், கழுத்தில் மூன்று அடையாள அட்டை, இடுப்பில் ஒரு வாக்கி டாக்கி. அது வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

"பாபோ ரக்மா, உங்களத்தான் தேடி வந்தேன்." பெரியம்மா முறையில் இருக்கிற எல்லாப் பெண்களும் அங்கே பாபோதான். ஆனால் காரியம் ஆக வேண்டியிருக்கும்போதுதான் உத்தோவுக்கு அந்த முறை ஞாபகம் வரும். "சனிக்கிழமை யூசெக் வர்றாரு."

"யாரு?"

"மணிலாலேர்ந்து துணைச் செயலாளர். ஹெலிகாப்டர்ல. அந்தப் பக்கத்துப் போராளித் தளபதியும் வர்றாரு. ரெண்டு பேரும் ஒரே பாயில உக்காந்து சாப்புடப் போறாங்க. நிகழ்ச்சி நிரல்ல அச்சடிச்சாச்சு. 'பத்தரை மணி, மக்களின் கந்தூரி'. நீங்கதான் சமைக்கணும். மஞ்சச் சோறு, ஆட்டுக்கறி. ஆடு நம்மளுது."

"எதுக்குக் கந்தூரி?"

"ஊருக்குத் திரும்பிப் போறதுக்கு நன்றி சொல்லித்தான்!"

"நாங்க இன்னும் போவலையே தம்பி."

"சாப்பாடு முடிஞ்சதும் எல்லாரும் தாள்ல கையெழுத்துப் போடுறீங்க, 'மனமுவந்து திரும்புகிறோம்'னு. புதன்கிழமை லாரி வரும். அன்னையோட இங்க அரிசி நிறுத்தம். மைதானத்துக்குப் பெயிண்ட் அடிச்சு, அடுத்த மாசம் மேயர் கூடைப்பந்துப் போட்டி வைக்கிறாரு. அமைதிக் கோப்பை."

"பள்ளிக்கூடத்துப் பீரங்கிய எடுத்துட்டாங்களா?"

"அது ரெண்டாங்கட்டப் பேச்சுல வரும் பாபோ."

"நாணலுக்குள்ள இருக்கிறவங்க?"

"அது மூணாங்கட்டம்."

"நாங்க?"

"நீங்கதான் முதக்கட்டம்!" உத்தோ உற்சாகமாகச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் அது காதில் எப்படி விழுகிறது என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும். வாக்கி டாக்கியை எடுத்து, கேட்காத யாரிடமோ "சரி, சரி" என்றபடி நகர்ந்தான்.

கந்தூரிக்கு மாட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் நகரத்து ஓட்டலிலிருந்து சோறு வரும். ஆட்களைக் கூட்டி உட்கார வைத்துப் படம் பிடிப்பார்கள். இலையில் கை வைத்தவன் எல்லாம் நன்றி சொன்னவன் ஆகிவிடுவான். ரக்மா மத்தியானம் முழுக்க மஞ்சள் கிழங்கைச் சீவிக்கொண்டே இதை யோசித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு இமாம் உசோப்பைப் பார்க்கப் போனாள். இமாம், கூடைப்பந்து அறிவிப்பாளர் மேடையில் எட்டுப் பேரோடு குடியிருந்தார்.

"இமாம், கந்தூரியில துஆ ஓதுறதுக்கு முந்தி, யாருக்காக, எதுக்காகன்னு கேப்பீங்கள்ல? யாருகிட்ட கேப்பீங்க?"

"வைக்கிறவங்ககிட்ட. அவங்க நிய்யத்து, மனசுல நெனைக்கிறது என்னவோ அதுதான் கந்தூரி. குழந்தைக்குப் பேர் வச்சாலும் கந்தூரி, மவுத்தானாலும் கந்தூரி. சோறு ஒண்ணுதான், நிய்யத்து வேற."

"இதுல வைக்கிறது யாரு? ஆடு குடுத்த மேயரா, சமைக்கிற நானா?"

இமாம் தாடியைத் தடவினார். பதில் தெரியாததால் இல்லை, தெரிந்ததால். "யாரு சட்டிக்குக் கீழ நெருப்பு மூட்டுறாங்களோ அவங்கதான். ஏன் கேக்குற ரக்மா?"

"நூறாம் நாள் கந்தூரி ஒண்ணு பாக்கி இருக்கு."

அவருக்குப் புரிந்துவிட்டது. மேடையை விட்டு இறங்கி, ஆடுகள் வரை நடந்து, திரும்பி வந்தார். "ஹெலிகாப்டர்ல வர்றாங்க. துப்பாக்கி நாப்பதாவது இருக்கும். நான் வயசானவன்."

"நீங்க ஒண்ணும் புதுசாச் சொல்ல வேணாம். எப்பவும் கேக்குற கேள்வியக் கேளுங்க. பதில் நான் சொல்லுறேன்."

"கேக்காம விட்டா?"

"அந்தப் பதினொண்ணுல உங்க மருமகனும் ஒருத்தர் இமாம்."

சனிக்கிழமை பத்தரை மணிக்குத் தொடங்க வேண்டியது பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. ஹெலிகாப்டர் எழுப்பிய புழுதியில் முதல் சட்டி மஞ்சள் சோறு வீணாயிற்று. யூசெக் வெள்ளைச் சட்டையில் இறங்கி, எதிரே வந்த முதல் குழந்தையைத் தூக்கினார். அது கத்தியதும் அமைதியான இன்னொன்றை மாற்றிக் கொடுத்தார்கள். தளபதி வேறு வழியாக வந்தார். கூரைக்குக் கீழே வந்தும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. யார் முதலில் பாயில் உட்காருவது என்பதில் கால் மணி நேரம் போயிற்று. முதலில் உட்காருபவர் பணிந்தவர் ஆகிவிடுவாராம். கடைசியில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில், ஒருவரை ஒருவர் பார்த்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக முட்டியை மடக்கி உட்கார்ந்தார்கள்.

"என் கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டாரு இவ்வளவு முறுக்கிக்கல" என்றாள் நொராய்சா.

உரைகள் நடந்தன. யூசெக் 'வரலாற்று' என்ற சொல்லைப் பதினான்கு முறை சொன்னார். தளபதி 'கண்ணியம்' என்பதை ஒன்பது முறை. முகாம் எண்ணிக்கொண்டிருந்தது, பசி வேளையில் வேறென்ன செய்வது. நேரலை என்று சொல்லி இரண்டு கேமராக்கள் நின்றன. கையெழுத்துத் தாள்கள் ஒரு மேசைமேல் அடுக்கப்பட்டிருந்தன. காற்றில் பறக்காமல் இருக்க அவற்றின்மேல் ஒரு மேஜர் தன் தொப்பியை வைத்திருந்தார்.

இமாம் உசோப் ஒலிபெருக்கி முன்னால் வந்தார். உத்தோ எழுதிக் கொடுத்திருந்த தாள் அவர் கையில் இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்தார். வைத்துவிட்டு, ஊர் வழக்கப்படி, ஊர் மொழியில், சத்தமாகக் கேட்டார்.

"இந்தக் கந்தூரி யாருக்காக?"

சட்டிக்குப் பக்கத்தில் ரக்மா எழுந்து நின்றாள். கரண்டியைக் கீழே வைக்க மறந்துவிட்டிருந்தாள்.

"என் புருஷன் கம்லோனுக்காக. அஞ்சாவது போர்நிறுத்தத்துல மவுத்தானாரு. அவரோட சேர்ந்து போன பத்துப் பேருக்காக. நூறாம் நாள் கந்தூரி. அன்னைக்கு வைக்க வுடல, இன்னைக்கு வைக்கிறேன்."

மூலையிலிருந்து ஒரு கிழவர், "நாலாவதுல செத்த என் தம்பி, பேரு மாங்குதத்து" என்றார். "மூணாவதுல எங்க உம்மா" என்றாள் ஒருத்தி. பெயர்கள் எழுந்துகொண்டே இருந்தன. இமாம் ஒவ்வொன்றையும் வாங்கி ஒலிபெருக்கியில் திருப்பிச் சொன்னார். தன் மருமகன் பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

யூசெக்குக்கு அந்த மொழி தெரியாது. துஆ என்றால் இரு கைகளையும் ஏந்த வேண்டும், முடியும்வரை இறக்கக் கூடாது என்று வரும் வழியில் குறிப்பு கொடுத்திருந்தார்கள். ஏந்தினார். கேமராவுக்குத் தெரியட்டும் என்று நன்றாகவே உயர்த்தினார். தளபதிக்கு மொழி தெரியும். ஆனால் இறந்தவர்களின் பெயர் சொல்லும்போது கையை இறக்கினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவரும் ஏந்தினார். ஐம்பது பெயர் தாண்டியதும் இரண்டு பேர் கைகளும் ஆடத் தொடங்கின.

"ஏய், அங்க பாருடி," நொராய்சா ரக்மாவின் காதில் சொன்னாள். "ரெண்டு பக்கமும் கையத் தூக்கிடுச்சு!"

துஆ முடிந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். யூசெக் கறியைப் புகழ்ந்து, இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். பிறகு மேசையைக் காட்டினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. உத்தோ பல்லைக் கடித்தபடி வந்தான்.

"பாபோ, என்ன விளையாட்டு இது? எழுந்து வந்து போடுங்க."

"இது துக்கக் கந்தூரி தம்பி. இதைச் சாப்பிட்ட கையால எவனாச்சும் வீடு திரும்புறதுக்குக் கையெழுத்துப் போடுவானா? உங்க வீட்டுல போடுவாங்களா?"

உத்தோவும் அந்த மண்ணில் பிறந்தவன்தான். என்ன தகராறு என்று யூசெக் கேட்டார். அவன் மென்று விழுங்கி மொழிபெயர்த்தான். கேமராக்கள் நெருங்கி வந்தன. கேமரா வந்ததும் யூசெக்கின் முகம் தானாகவே கனிந்தது. "அம்மா, உங்களுக்கு என்ன வேண்டும்? சொல்லுங்கள், அரசு கேட்கிறது."

"நன்றிக் கந்தூரியும் வைக்கிறேன் ஐயா. என் கோழிய அறுத்தே வைக்கிறேன். அதை ஊர்லதான் வைக்கணும். நீங்களும் தளபதியும் பகாலங்ல என் வீட்டுல ஒரே ஒரு ராத்திரி தங்குங்க. கூரை பாதிதான் இருக்கு, பரவால்ல. காலையில ரெண்டு பேரும் எழுந்து வந்தீங்கன்னா, அங்கேயே சமைச்சுப் போட்டு, அங்கேயே கையெழுத்துப் போடுறோம்."

கைதட்டலுக்கு நடுவே உத்தோ அதையும் மொழிபெயர்த்தான். யூசெக் தளபதியைப் பார்த்தார். தளபதி கண்ணாடி வழியாக எதையும் பார்க்கவில்லை. "இன்ஷா அல்லாஹ்" என்றார்.

"அது வர்றேன்னு சொல்றதா தளபதி, வரலேன்னு சொல்றதா?"

யூசெக்குக்குக் கை கொடுத்தது அவருடைய முப்பது வருஷ உத்தியோகம். "மிக நல்ல யோசனை. கூட்டுக் குழுவின் பார்வைக்கு வைத்து, எழுத்து மூலம் பதில் அனுப்புவோம்" என்று சொல்லிவிட்டு ஹெலிகாப்டருக்கு நடந்தார். தாள்கள் வெறுமையாகவே கட்டப்பட்டன. மேஜர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஆனால் புதன்கிழமை லாரிகள் வந்தன, நான்கு. கையெழுத்து இல்லாவிட்டாலும் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி மேயர் உத்தரவாம். ஆட்கள் மூட்டைகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். உத்தோ ஒரு நீளமான உறையோடு இறங்கினான்.

"உங்களுக்குத்தான் பாபோ. யூசெக் ஆபீஸ்லேர்ந்து. சொன்ன மாதிரியே எழுத்துல பதில் குடுத்திருக்காரு, பாருங்க! ஏறிக்கிட்டே படிக்கலாம்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நீயே படி. சத்தமா."

உத்தோ உறையைக் கிழித்து, ஊர் மொழியில் பெயர்த்துப் படிக்கத் தொடங்கினான். அரசு முத்திரை, தேதி, மரியாதை எல்லாம் தடையின்றி வந்தன. பிறகு அவன் குரல் படி இறங்கியது.

"சத்தமா தம்பி."

"'பகாலங் பகுதியில் தங்குவது உயிருக்கு ஆபத்தானது என்று கூட்டுப் பாதுகாப்புக் குழு மதிப்பிட்டுள்ளபடியால்... தங்கள் அழைப்பை ஏற்க இயலாமைக்கு... வருந்துகிறோம்.'"

"யாரு யாரு கையெழுத்துப் போட்டிருக்கா?"

"யூசெக்." உத்தோ தாளை இன்னும் கொஞ்சம் விரித்தான். "கீழ தளபதி."

"ஆறு ஒப்பந்தத்துல ரெண்டு பேரும் ஒத்துப்போனது இந்த ஒண்ணுலதான்" என்றார் இமாம் உசோப்.

முதல் லாரியின் ஓட்டுநர் இறங்கி வந்து, கடிதத்தைக் கேட்டு வாங்கி, உதடு அசைய ஒரு முறை படித்தான். "அண்ணே, இது பகாலங்தானே? நம்ம போற எடம்தானே?" என்றான். ஓட்டுநர் கடிதத்தை ரக்மாவிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மற்ற மூவரையும் பார்த்துக் கையைச் சுழற்றினான். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாங்கின.

"பாபோ, அந்தக் கடிதத்தக் குடுங்க. ஆபீஸ் கோப்புக்கு வேணும்" என்றான் உத்தோ.

"எனக்கு வந்த கடிதம் தம்பி. உனக்கு வேணும்னா நகல் எடுத்துக்க. நாளைக்கு வரும்போது, நிறுத்தின அரிசியையும் சேர்த்துக் கொண்டா."

ரக்மா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி, மைதான வாசலில் ஆணி அடித்து மாட்டினாள். நான்கு மூலைக்கும் நான்கு ஆணி. காற்று அந்தப் பக்கம் கொஞ்சம் பலமாகத்தான் வீசும்.