பூசணிக் கோட்டையின் பூனை

தியேட்டரில் படம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சித்தி இன்னும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது அப்படியொன்றும் மலையைப் புரட்டும் விஷயமில்லை. ‘பூசணிக் கோட்டை’ முதல் பாகத்தில் சூனியக்காரிக்குக் குரல் கொடுத்தவள், இரண்டாம் பாகத்தில் பூனைக்குக் குரல் கொடுத்திருக்கிறாள். அவ்வளவுதான். ஹாலோவீன் ராத்திரியில், முகம் செதுக்கி விளக்கேற்றிய பூசணிக்காய்களுக்கு உயிர் வந்து ஆட்டம் போடும் அந்தக் குழந்தைகள் படம் முதல் தடவையே சக்கைப்போடு போட்டது. அதனால் இந்த முறை சூனியக்காரிக்கு ஒரு பெரிய நடிகையே பேசட்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். சித்தி குரல் தேர்வுக்குப் போகத்தான் செய்தாள். படத்தின் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். திரும்பி வரும்போது கையில் பூனைதான் இருந்தது. அதன் வசனத்தாளில் எழுதியிருந்தது இவ்வளவே: மியாவ், கோபமாக. மியாவ், சந்தேகமாக. மியாவ், தூரத்திலிருந்து.

இதை அக்கா மகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாடு. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுகிற அந்த ஏழு வயதுக்காரிக்கு விளையாட்டு மைதானத்தில் இருக்கும் மரியாதை முழுவதும் சித்தியால் வந்தது. ஊஞ்சலில் யாராவது இடம் தர மறுத்தால், “எங்க சித்திகிட்ட சொன்னா உன்னைத் தவளையாக்கிடுவா” என்பாள். ஊஞ்சல் காலியாகிவிடும். இன்றைக்கு அடுக்குமாடிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் திரட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“சித்தி, ஒரே ஒரு தடவை சிரிச்சுக் காட்டேன். இவன் நம்ப மாட்டேங்கிறான்.”

அந்தச் சிரிப்புதான் முதல் பாகத்தில் பேர் வாங்கியது. சிரித்து முடித்ததும் சூனியக்காரி மூக்கை ஒருமுறை ‘சர்ர்’ என்று உறிஞ்சுவாள். அன்றைக்குச் சித்திக்கு ஜலதோஷம், வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

“இப்ப வேணாம் செல்லம், தொண்டை கட்டியிருக்கு.”

அக்கா தங்கையைத் தூண் ஓரமாக இழுத்தாள். “இன்னும் சொல்லலையா நீ?”

“சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாப்கார்ன் வந்துடுச்சு.”

“நேத்து என்ன ஆச்சு?”

“நேத்து அவளுக்குப் பல் ஆடுச்சு.”

“அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?”

அக்கா புருஷன் இடையில் புகுந்தார். “ரெண்டாம் பாகம்னாலே தூக்கம்தான். நான் ஓரத்து சீட்டு எடுத்துக்கறேன்.” சொன்னபடியே விளக்கு அணைவதற்கு முன்னால் கண்ணை மூடினார்.

படம் தொடங்கியது. சூனியக்காரி புகையிலிருந்து எழுந்து வாயைத் திறந்தாள். குரல் தேனாக ஒழுகியது. ரயில் தாமதமாக வரும் என்று அறிவிக்கிற பெண்ணைப் போலப் பணிவாகச் சாபம் கொடுத்தாள். சித்தி மெல்லத் திரும்பி வாண்டைப் பார்த்தாள். வாண்டு பாப்கார்னை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். அது கேள்வி கேட்பதைவிட மோசமாக இருந்தது.

பிறகு சிரிப்பு வந்தது. கழுவித் துடைத்த சிரிப்பு.

“உறிஞ்சல் எங்கே?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கத்தியது.

“பாவம், மூக்கடைப்பு போல” என்றார் மாடி வீட்டுப் பல் டாக்டர். அரங்கம் சிரித்தது. படத்தில் அதுவரை யாரும் சிரித்த இடம் அது ஒன்றுதான். பூனையின் மியாவ் மட்டும், பூனை கண்ணில் படாமலே, பக்கச் சுவர்களில் இருந்த ஸ்பீக்கர் ஒவ்வொன்றாகத் தாவி அரங்கத்தைச் சுற்றி வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

இடைவேளை முடிந்து படம் மறுபடி ஓடத் தொடங்கியதும் பேச்சு நின்றுபோனது. மற்ற சத்தமெல்லாம் இருந்தது. காற்று ஊளையிட்டது, இடி இடித்தது, வயலின் அழுதது. பாத்திரங்கள் மட்டும் மீன்களைப் போல வாயை வாயைத் திறந்தன. என்ன ஆனதென்று சித்திக்கு உடனே புரிந்தது. வசனம் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். அது செத்துவிட்டது.

மேனேஜர் டார்ச்சோடு ஓடி வந்தார். “ஆள் வந்துட்டிருக்கார் சார். வேணும்னா படத்தை நிறுத்தி, சரி பண்ணினதும் முதல்லேர்ந்து போடறேன்.”

“ஐயோ, முதல்லேர்ந்தா? வேணாம்பா!” என்று பெரியவர்கள் ஒரே குரலில் அலறினார்கள்.

அந்தக் களேபரத்தில் வாண்டு சீட்டின் மேல் ஏறி நின்றாள். “யாரும் கத்தாதீங்க! சூனியக்காரி இங்கதான் இருக்கா. எங்க சித்தி. அவளே பேசுவா!”

சித்தி வாசலைப் பார்த்தாள். எழுந்து ஓடிவிடலாம் என்றால் வழியில் அக்கா புருஷன் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். திரையில் சூனியக்காரி கோட்டைக் கதவைத் திறந்து, விரலை நீட்டி, உதட்டைப் பிரித்தாள். ராவும் பகலும் படித்த வசனம். அது சித்தியின் அனுமதியைக் கேட்கவில்லை.

“யாரது? என் பூசணிக்கு மூக்கு வெட்டினது யாரது?”

அரங்கம் கப்சிப் ஆனது. அடுத்து மந்திரிப் பூசணி பேச வேண்டும். வேறு யார் பேசுவது? சித்தியே பேசினாள். வௌவால்களுக்கும் பேசினாள். சண்டையிடும் இரட்டைப் பிள்ளைகளுக்கு மாறி மாறிப் பேசினாள். ஸ்டூடியோவில் தப்பு வந்தால் மறுபடி எடுக்கலாம். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒருமுறை மந்திரியின் வசனம் வௌவால் வாயில் போய் விழுந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. சிரிப்பு வந்தபோது அடிவயிற்றிலிருந்து சிரித்து, கடைசியில் ‘சர்ர்’ என்று ஓர் உறிஞ்சு உறிஞ்சினாள். கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை.

அந்த மப்பில்தான் சறுக்கினாள். திரையில் பூனை தலைகாட்டியது. அதன் மீசை துடிப்பதைப் பார்த்ததும், பழகிய வாய் தானாகத் திறந்துகொண்டது.

“மியாவ்.”

வலப்பக்கச் சுவரிலிருந்தும் அதே நொடியில் அதே மியாவ். அதே சந்தேகம், அதே இழுப்பு.

“ரெண்டு பூனையா?” என்றார் பல் டாக்டர்.

வாண்டு மெதுவாகத் திரும்பினாள். “சித்தி, பூனை நீயா?”

“ஆமா.”

“அப்ப சூனியக்காரி?”

“நான் இல்லடா. இந்தத் தடவை எனக்குத் தரல.”

“அது எனக்கு முதல் சீன்லயே தெரியும். அந்த ஆன்ட்டிக்கு உறிஞ்சவே வரல.”

“தெரிஞ்சுமா எழுந்து கத்தினே?”

“எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்ல? நீ பேசலைன்னா யாருக்கு அசிங்கம்? பேசு பேசு, அவ வாயைத் திறந்துட்டா பாரு.”

சித்தி பேசினாள். கடைசிப் பூசணி அணையும் வரை பேசினாள்.

வெளியே மேனேஜர் மொபைலை நீட்டிப் பிடித்து, தியேட்டரின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவதற்காக ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா புருஷன் முதல் ஆளாகப் போய் நின்றார். “முதல் பாதி உப்புச் சப்பில்ல. ரெண்டாம் பாதில டைரக்டர் பின்னிட்டார். வசனம் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருந்துச்சு.”

“பக்கத்துல உக்காந்துதான் பேசினா” என்றாள் அக்கா. “நீங்க முழிச்சது எப்ப?”

பல் டாக்டர் விஷயத்தோடு பேசினார். “முன் பல் ரெண்டும் இல்லாத சூனியக்காரி. முதல் பாதில அவ்வளவு சுத்தமாப் பேசறா, நம்பவே முடியல. ரெண்டாம் பாதில பல் இல்லாத இடத்துல காத்துப் போச்சு பாருங்க, அதான் நிஜம்.”

கைக்குழந்தையோடு நின்ற ஓர் அம்மா, சாயங்காலக் காட்சிக்கும் அந்தப் பொண்ணு வருமா என்று கேட்டாள். ஸ்பீக்கரை ரிப்பேர் செய்யக் கூடாது என்று பிள்ளைகள் கூட்டாகக் கோரிக்கை வைத்தார்கள். மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மொபைல் வாண்டின் முன்னால் வந்து நின்றது. ஊஞ்சல் கூட்டம் முழுவதும் அவளைச் சுற்றிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. சித்தி கையைப் பிசைந்தாள்.

“பாப்பா, படத்துல உனக்கு யாரைப் பிடிச்சுது?”

வாண்டு ஆடும் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டு யோசித்தாள்.

“பூனையை. அது எங்க சித்தி.”

“பூனையா? சூனியக்காரின்னு சொன்னே?” என்றான் நம்பாத பையன்.

“போன தடவை சூனியக்காரி மட்டும்தான்டா. இந்தத் தடவை பூனைக்கே தனியா கூப்பிட்டு வச்சிருக்காங்க. மத்ததெல்லாம் சும்மா, போனாப் போகுதுன்னு செஞ்சா.”

பையன் முகம் மாறிச் சித்தியிடம் திரும்பினான். “அக்கா, ஒரு தடவை மியாவ் சொல்லிக் காட்டுங்களேன்.”

சித்தி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“எது வேணும்? கோபமா, சந்தேகமா?”