வாரத்துக்கு விட்ட நாய்

...அப்படியானால் அந்த ஒயர்க்கூடை எதற்கு, கதவோரத்தில், தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி என்பதுபோல, அடியில் பனியன் துணியை மெத்தென்று மடித்துப் போட்டு, அதன்மேல் ஒரு அலுமினியக் கிண்ணம், ஒரு பழைய சீப்பு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை... பால் வாங்கி வருகிறேன் என்று முத்துப்பேச்சி தூக்குப்போசியோடு தெருவில் இறங்கியதும் வேலாத்தாளின் கண் முதலில் போய் நின்றது அந்தக் கூடையின்மேல்தான். துணி விரித்த கூடை குட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தானே, வேறெதற்கு, நாய் என்ன மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கா போகிறது? காரில் வந்தால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும் என்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாகப் பார்த்து, பெருமாநல்லூரிலிருந்து பஸ் மாறி, சித்திரை வெயிலில் வியர்த்து வழிந்து அருள்புரம் வந்தது வீண் போகவில்லை. போன் செய்துவிட்டு வந்திருந்தால் கூடையும் மறைந்திருக்கும், குட்டி கிடந்த தடமும் மறைந்திருக்கும். கைப்பைக்குள் சங்கிலி இருக்கிறது, புதுச் சங்கிலி, நேற்றே வாங்கியது. திருட்டு வெளிப்பட்ட நிமிஷமே நாயைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தாள்.

நாய் அவள் காலடியில்தான் கிடந்தது. பக் நாய், கறுத்த மூஞ்சி, முழித்த கண், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மடிப்பு. செல்போன் விளம்பரத்தில் அந்த ஜாதி வந்ததிலிருந்து திருப்பூரில் ஒரு வீட்டில் ஏசி இருக்கிறதென்றால் அதன் கீழே ஒரு பக் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. இவளும் கோயமுத்தூரில் போய்ப் பெண்குட்டியாகப் பார்த்து வாங்கினாள், ஸ்வீட்டி என்று பேர் வைத்தாள், ஆறு மாதம் மார்பிள் தரையில் வளர்த்தாள். அது விடுகிற குறட்டையில் புருஷன் மாரப்பனுக்குத் தூக்கம் போயிற்று, பனியன் கம்பெனி நடத்துகிறவன் விடிய விடிய நாய் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தால் பகலில் ஷிப்மெண்டை யார் பார்ப்பது என்று சத்தம் போட்டான். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. காங்கேயத்தில் அவளுடைய அப்பா கிடாரிகளை வாரத்துக்கு விடுவார், மாடு நம்முடையது, தீனியும் மேய்ப்பும் அவர்களுடையது, கன்று போட்டால் ஆளுக்குப் பாதி. மாட்டுக்குச் சரியாக வருவது நாய்க்கு வராதா? கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து நின்றுவிட்ட முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு, சங்கரன்கோவில் பக்கத்துக்காரிக்கு வாரம் என்றால் என்னவென்று விளக்கி, மலடாகிப் போனால் சொந்தக்காரர் வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவார் என்பதுவரைக்கும் சொல்லித்தான் கொடுத்தாள். அப்பா அப்படித்தான் செய்வார், மலட்டு மாட்டை வாரக்காரன் வாசலிலிருந்தே நேராகச் சந்தைக்கு ஓட்டிப் போய்விடுவார், வீட்டுக்குக்கூடக் கொண்டுவர மாட்டார்.

பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்... டீ-சர்ட்டுக்கு மாரப்பன் காஸ்டிங் போடுகிற மாதிரி இவளும் நாய்க்குப் போட்டாள், நூல், நிட்டிங், டையிங், தையல் என்று அவன் எழுதினால் ஊசி, ஆணுக்கு விடுகிற செலவு, ஆபரேஷன் என்று இவள் மனசுக்குள் எழுதினாள். நெற்றியில் சுருக்கம் எத்தனை, வால் எத்தனை சுற்று, மூக்கு எவ்வளவு உள்ளே, எல்லாவற்றுக்கும் விலை. மூக்கு எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு காசு வெளியே வரும். மூக்கு உள்ளே போனால் மூச்சு எப்படி வெளியே வரும் என்று ஒருதரம் முத்துப்பேச்சி கேட்டாள், அதற்கு இவள் சிரித்தாள், என்ன பதில் சொன்னாள் என்று இப்போது ஞாபகமில்லை. நெஞ்சில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் அது செகண்ட்ஸ், எக்ஸ்போர்ட்டில் தள்ளுகிற பீஸ் மாதிரி, வந்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். தலை பெரிசு, இடுப்பு சின்னது, இரண்டு பேறும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அந்தச் செலவும் இவளுடையதுதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆளுக்குப் பாதி, பிரச்சினையே இல்லை.

பிரச்சினை மூன்றாவதில் ஆரம்பித்தது. இரண்டாவது ஆபரேஷன் முடிந்தபோதே முத்துப்பேச்சி போனில், இனிமே வேண்டாம்னு டாக்டர் சொல்லுதாருக்கா என்றாள். டாக்டர் பேரைச் சொல்லி என்னவோ அடிபோடுகிறாள் என்று வேலாத்தாளுக்கு அப்போதே பொறி தட்டியது. டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள், இவளிடமே மூன்றாவது பிரசவத்தின்போது சொன்னார்கள், மாமியார் கேட்டாளா, மாரப்பன்தான் கேட்டானா, நாலாவதும் பெற்றாள், அதுவும் பெண்ணாகப் போயிற்று, இப்போது குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கவில்லையா? தை மாதம் பல்லடத்துக் குமாரவேல் வீட்டு ஆண்நாயிடம் விடச் சொல்லி, முழுப் பணத்தையும் முத்துப்பேச்சியின் கையிலேயே கொடுத்தாள். பங்குனியில் கேட்டால், தங்கலக்கா என்று ஒரே வார்த்தை. தங்கவில்லையா, தங்கியதை விழுங்கிவிட்டாயா? குமாரவேலைக் கேட்டால், தையில் அந்தப் பிள்ளை வரவேயில்லைங்களே என்கிறான். அப்படியானால் வேறு எங்கோ மட்டமான ஆணிடம் சும்மா விட்டு, பணத்தை அமுக்கி, குட்டிகளையும் முழுசாக வெளியே தள்ளியிருக்கிறாள். பல்லடத்தில் ஒரு செல்போன் கடை வாசலில் நெஞ்சில் வெள்ளைப் புள்ளியோடு ஒரு பக் குட்டியை மாரப்பனே பார்த்துவிட்டு வந்து சொன்னான். செகண்ட்ஸ்! அது இங்கே விழுந்த குட்டியாக இல்லாமல் வேறு எங்கே விழுந்தது? அதுவும் எந்த நேரத்தில்... டாலர் இறங்கி, ஆர்டர் குறைந்து, ஜாப் ஒர்க் கொடுக்கிற எக்ஸ்போர்ட்டர் சசிகுமாரின் மகள் வர்ஷினி பக் குட்டி கேட்டு, நான் தருகிறேன் கண்ணு என்று இவள் எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொன்ன நேரத்தில். நாய்க்குட்டிக்காக யாரும் ஆர்டர் கொடுத்துவிடப் போவதில்லை, ஆனால் குட்டியைத் தூக்கிக் கொஞ்சும்போதெல்லாம் கொடுத்தவர்களின் ஞாபகம் வரும் அல்லவா.

வேலாத்தாள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். அவள் எழுந்ததும் நாயும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டது. ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கரண்ட் வேறு இல்லை. கட்டிலின்மேல் நூல் பிசிறு வெட்டுவதற்கு வந்த டீ-சர்ட் கட்டுகள் கூரைவரைக்கும் ஏறியிருந்தன, மனுஷர்கள் கீழேதான் படுக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், அடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், இந்த அறையில் ஒரு குட்டியை ஒளிக்க இடமில்லை, அதுவே ஒரு சந்தேகம்தான், இடமில்லாதவர்கள்தானே அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். நாய்க்கு அடியில் ஈரத்துணி விரித்திருந்தது, சூடு தாங்காதென்று. என்ன கரிசனம், ஓனரம்மா வருகிறாள் என்று தெரிந்து விரித்த துணி... ஆனால் வருவது தெரியாதே அவளுக்கு. சரி, அதை அப்புறம் யோசிக்கலாம்.

ஸ்வீட்டி என்று கூப்பிட்டாள். காதுகூட அசையவில்லை. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்ட சத்தத்துக்கு நிமிர்ந்து, முத்துப்பேச்சி இல்லை என்று தெரிந்ததும் படுத்துக்கொண்டது. சரி, பேரெதற்கு, மடி பார்த்தால் போகிறது, மாடோ நாயோ, பால் கொடுத்த மடி பொய் சொல்லாது. குனிந்து, மூச்சுப் பிடித்துக்கொண்டு அதை மல்லாக்கப் புரட்டினாள். புரட்டினால் கடிக்கும் என்று பயந்தாள், அதுவோ நாலு காலையும் விட்டுவிட்டுச் சும்மா கிடந்தது, இரண்டு தரம் இப்படித்தானே மேஜையில் கிடந்திருக்கும், பழகிப்போயிருக்கும் என்று தோன்றியது, தோன்றியதே என்று எரிச்சலும் வந்தது. காம்புகள் வற்றித் தொங்கின. ஒரே இடத்தில் இரண்டு தரம் கிழித்த பழைய தழும்பு தெரிந்தது, இவள் காசு கொடுத்த தழும்பு. அதை ஒட்டியே இன்னொரு கோடு, இளஞ்சிவப்பில், புதுசு, சுற்றிலும் மழித்த முடி இன்னும் சரியாக வளர்ந்து சேராமல்... மூன்றாவது. மூன்றாவது ஆபரேஷன்! கோபமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாது, பிடித்துவிட்டேன் என்ற எண்ணம் ஒன்றுதான் உடம்பெல்லாம் ஓடியது. அப்பாடா. தான் நினைத்தது தப்பாகப் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்பது அவளுக்கு அந்த நிமிஷம் உண்மையாகவே தெரியவில்லை.

வாசலில் நிழல் தட்டியது. தூக்குப்போசியோடு முத்துப்பேச்சி நின்றிருந்தாள், மல்லாந்து கிடந்த நாயையும் அதன் வயிற்றில் கை வைத்திருந்த ஓனரம்மாவையும் பார்த்தாள், போசியை அடுப்பு மேடையில் வைத்தாள். கருமூஞ்சி, எந்திரி என்றாள். நாய் உடனே புரண்டு எழுந்து, உடம்பெல்லாம் ஆட்டிக்கொண்டு அவள் காலடிக்கு ஓடியது. பேரையும் மாற்றிவிட்டாளா...

"எத்தனை குட்டி புள்ள?" என்றாள் வேலாத்தாள். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தினால் வழக்கு பலமிழந்துவிடும் என்று பஸ்ஸிலேயே தீர்மானித்திருந்தாள். "இது மூணாவது தரம் கிழிச்சது. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா? எத்தனை போட்டுது, ஆருக்குக் குடுத்தே?"

"குட்டி இல்லக்கா. குட்டிப்பையத்தான் எடுத்தாச்சு. ஆணுக்கு விட நீங்க குடுத்த ரூவாயிலதான் எடுத்தேன்."

ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டே மீதியையும் சொன்னாள், திரும்பிப் பார்க்காமல், யாரோ மூன்றாம் மனுஷியின் கதையைச் சொல்வதுபோல. இன்னொரு தரம் வயிற்றைத் திறந்தால் எழுந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம், இவள் வேலாத்தாளிடம் சொன்னாளாம், வேலாத்தாள் கேட்கவில்லையாம், கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துபோயிற்றாம். பொய் சொன்னது தப்புத்தானாம். பல்லடத்து டாக்டரிடம் சீட்டு இருக்கிறது, வேண்டுமானால் போய்க் கேட்டுப் பாருங்கள் என்றாள். வேலாத்தாளுக்குத் தலைக்குள் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ஏமாற்றிவிட்டாள், அது சரி, அதில் சந்தேகமில்லை, தான் நினைத்தது சரிதான், பணத்தை எடுத்தாள், பொய் சொன்னாள்... ஆனால் இது எப்படித் திருட்டு? வர்ஷினிக்குச் சொன்ன வாக்கு போயிற்று, இனி இந்த ஜென்மத்தில் இந்த நாயிடமிருந்து குட்டி இல்லை, எல்லாம் போயிற்று, ஆனால் எங்கே போயிற்று? போனது யார் வீட்டுக்கும் போய்ச் சேரவில்லையே.

"ஏம்புள்ள, உன்ற பாதியும் போச்சே?"

"போச்சுக்கா."

"அப்பறம் எதுக்கு?"

முத்துப்பேச்சி பாலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ராத்திரி பூரா அது மூச்சு இழுக்கத கேட்டுட்டுக் கெடக்கவ நாந்தானக்கா" என்றாள்.

அவ்வளவுதானா? வேலாத்தாள் விடவில்லை, மனசு விடவில்லை. இதில் அவளுக்கு என்ன லாபம் என்று தேடியது, டாக்டர் ஏதாவது கமிஷன் கொடுத்திருப்பாரா, நாய்க்கு ஆபரேஷன் செய்ய யார் கமிஷன் கொடுப்பார்கள், வேறு யாருக்காவது நாயையே விற்றுவிடும் திட்டமா, குட்டி போடாத பெண்நாயை யார் வாங்குவார்கள், செகண்ட்ஸ்கூட இல்லை அது, கட்டிங் வேஸ்ட், சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள்... லாபம் இல்லாமல் ஒருத்தி, பிசிறு வெட்டிப் பிழைக்கிற ஒருத்தி, வர வேண்டிய பாதியைத் தானே அறுத்துப் போடுவாளா? எங்கேயோ இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இருக்க வேண்டும். அப்போதுதான் மறுபடியும் அந்தக் கூடை கண்ணில் பட்டது. பிடி கிடைத்துவிட்டது என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படியானால் அது எதுக்கு என்று கையை நீட்டிக் கேட்டாள்.

முத்துப்பேச்சி டீயை ஆற்றி, மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டவளின் பக்கத்தில் டம்ளரை வைத்தாள். கூடையை எடுத்து வந்து, அதையும் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மலடாப் போனா சொந்தக்காரவுக வந்து பிடிச்சிட்டுப் போயிருவாகன்னு நீங்கதானக்கா சொன்னீக. மாசியில ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே கட்டி வச்சிட்டேன். மாத்திரைய மட்டும் அப்பப்ப மாத்தி வைப்பேன். சோறு அந்தக் கிண்ணத்துல வச்சாத்தான் தின்னும்."

அப்படியென்றால் மாசியிலிருந்து... இன்றைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்று, கதவு தட்டுகிற சத்தத்துக்கெல்லாம் கூடையைப் பார்த்துக்கொண்டு, தினமும் அந்தக் கிண்ணத்தை எடுத்துச் சோறு போட்டு, கழுவி மறுபடி கூடைக்குள்ளேயே வைத்து... தான் இவளைச் சந்தேகப்பட்டது இந்த ஒரு மாதமாகத்தான். இவள் அதற்கும் முன்னாலிருந்து தன்னைப் பற்றி ஒன்றை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதற்குத் தக்கபடி துணி மடித்திருக்கிறாள். அப்படியெல்லாம் செய்ய மாட்டேன் புள்ள என்று சொல்ல வாயெடுத்தாள். நாய் திரும்பி வந்து அவள் செருப்புக் காலின்மேலேயே மோவாயை வைத்துப் படுத்து, இழுத்து இழுத்து மூச்சு விட்டது, ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் பாதத்தில் அனல் பட்டது. டம்ளரை எடுக்கக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள், மடியிலிருந்த கைப்பை சரிந்து, உள்ளே சங்கிலி லேசாக ஒருதரம் சத்தம் போட்டது. முத்துப்பேச்சி நிமிர்ந்தாளா, நிமிரவில்லையா... வேலாத்தாள் டீயைத் தொடாமல், பையை இரண்டு கையாலும் மடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.