தூசிப் பக்கம்

தார்ப்பாயை அம்மா மடிப்பதைப் பார்த்தால் கைக்குழந்தையைத் துணியில் சுற்றுவது போல இருக்கும். லாரி ஓட்டும் மகனுடைய பாய் அது. அவன் ஏற்றுவது சிமெண்ட். பாயின் உட்பக்கம் முழுக்கத் தூசி படிந்திருக்கும். அந்தப் பக்கம் நனைந்தால் தூசி இறுகிப் பாய் வெடித்துவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

மாடி அறையில் தைக்கும் மகளுக்குக் கூரை ஒழுகினால் வாளிதான். பட்டம் வாங்கி, துணிக் கம்பெனி மேற்பார்வையாளனிடம் வாய் கொடுத்து வேலையை விட்டவள். மருத்துவமனைக்கான இந்த வெள்ளைக் கோட்டுகள்தான் அவள் சொந்தமாகப் பிடித்த முதல் ஆர்டர். நாளைக் காலையில் கொடுத்தால் மாதாமாதம் தைக்கலாம். தவறினால் பழைய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும்.

பொத்தான் வாங்கப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஓடி வந்து பார்த்தால் கோட்டுகளின் மேல் தார்ப்பாய். பரவாயில்லையே என்று தூக்கினாள். மேலிருந்த கோட்டுகளில் சாம்பல் நிறத் திட்டுகள்.

“ஏம்மா, தூசிப் பக்கத்தையா உள்ள போட்ட?”

“பின்ன? மேல போட்டா பாய் வீணாயிடும். உங்கண்ணன் வாயில யாரு விழறது?”

“தூசின்னா தட்டினா போயிடுமே. இது ஏன் அப்பியிருக்கு?”

“நீ வந்து கத்துவேன்னு ஈரத்துணியால தொடச்சேன்.”

அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பாதிதான் தேறும்.

கீழே ஹாரன் அடித்தது. அண்ணன் மாடியேறி வந்தான்.

“லோடு நிக்குது, பாயை எடு.”

“கோட்டைப் பாத்தியா?”

“துவைச்சுக் குடுத்துடு. வெள்ளைத்துணிதானே.”

“நீயும் உன் மூட்டைய நனைய விட்டுத் துவைச்சுக் குடேன்.”

சிரித்துக்கொண்டே கயிறு எடுக்க இறங்கிப் போனான். அவன் திரும்புவதற்குள் அவள் பாயைக் கூரைமேல் இழுத்துப் போட்டுச் சுற்றிலும் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். தூசிப் பக்கம் வானத்தைப் பார்த்திருந்தது.

“பைத்தியமா உனக்கு? ஓட்டை போட்டா இது எதுக்குடி ஆகும்?”

“கூரைக்கு ஆகும்.”

“அது அவன் பொழப்புடி” என்றாள் அம்மா, படியில் நின்றபடி.

அவள் வாயில் இன்னும் இரண்டு ஆணி இருந்தது. ஒன்றை எடுத்து அடித்தாள்.

அண்ணன் திட்டிக்கொண்டே வாடகைப் பாய் தேடிப் போனான். அவள் இறங்கி மருத்துவமனைக்கு ஃபோன் செய்து, பாதிதான் நாளைக்கு வரும், மீதிக்கு நாலு நாள் வேண்டும் என்றாள். யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் நாலு கோட்டாவது வெட்டிவிடலாம் என்று துணியை விரித்தாள்.